தெரிந்த சைக்கிளுக்கு ஒரு வாத்தியார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு சூரியநெல்லி பக்கம் மலை சைக்கிள் பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். கூடவே முழங்கைச் சிராய்ப்பின் படம். நாங்களும் ஐந்து பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், அதே மாதிரி ஒரு சனி ஞாயிறு கிளம்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் சொன்னதும் ஒரே சிரிப்பு. "பத்து வயசுல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டதை இப்ப காசு குடுத்துக் கத்துக்கப் போறீங்களா?" என்கிறாள் மனைவி. எனக்கும் பதில் தெரியவில்லை. அங்கே கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இல்லை, இதுவும் காசுள்ளவர்களின் பொழுதுபோக்குதானா?

எஸ்., உடுமலைப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான், கொஞ்சம் கூடுதல் காரத்தோடு. நான் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். உங்களுக்கு எழுதுவதை அங்கேயும் சத்தமாக வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

நாங்கள் நால்வர். போடியிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். அந்த நேரத்தில் போடிமெட்டு ஏறுகிறவர்கள் யாரும் சும்மா ஏறுவதில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள், மடியில் தூக்குச்சட்டியோடு தூங்கி வழியும் பெண்கள். அவர்களுக்கு நடுவே கூரையில் சைக்கிள் கட்டிய காரில் போவது கூச்சமாகத்தான் இருந்தது. பூப்பாறை தாண்டி, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லி. அந்தப் பக்கத்து எல்லையே ஒரு வேடிக்கை. கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப்பில் போகவேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போகமுடியும். யானைகளுக்கும் இந்தக் கோடு தெரியாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் இறங்கியது நினைவிருக்கும். கடைசியில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. அதன் சொந்தபந்தங்கள் இன்னும் சின்னக்கானல் பக்கம்தான். ஏழு மணிக்கு என்று சொன்ன எங்கள் வகுப்பு, கீழே யானை நிற்கிறது என்று ஒன்பதுக்குத்தான் ஆரம்பித்தது.

வாத்தியார் எஸ்டேட் லயத்தில் பிறந்த பையன். இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சில் பாதி மலையாளம் கலந்த மூணாறுத் தமிழ். வந்ததும் என் நண்பரின் சைக்கிள் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். நண்பர் போடியிலேயே கல்லு மாதிரி காற்று அடித்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் வால்வைத் திறந்து 'உஸ்' என்று பாதியை இறக்கிவிட்டான். மலைத்தடத்தில் முப்பது பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால்தான் டயர் அமுங்கிக் கல்லையும் வேரையும் பிடிக்குமாம், இல்லையென்றால் பந்து மாதிரி எகிறும். காசு கொடுத்து அடித்த காற்று போகிறதே என்று நண்பர் முகத்தில் ஒரு வேதனை.

அப்புறம் பிரேக். சரிவான மண் பாதையில் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டான். கோடு வரும்வரை பிரேக்கில் கை போகக் கூடாது, வந்ததும் பின் பிரேக் மட்டும். சக்கரம் சரசரவென்று இழுத்துக்கொண்டே போய் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தான். அடுத்து முன் பிரேக் மட்டும். நான்கு பேரும் மறுத்துவிட்டோம். "முன் பிரேக் புடிச்சா குப்புற விழுவே" என்பது நமக்கெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இல்லையா? "பேடிக்கண்டா அண்ணே, ஒத்தை விரல், மெல்ல மெல்ல அழுத்துங்க" என்றான். வண்டி அந்தக் கல்லுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்னால் போய்விடுகிறது, பின் சக்கரம் லேசாகி வழுக்குகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். குப்புற விழுவது முன் பிரேக்கால் அல்ல. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பயத்தில் லபக்கென்று பிடிப்பதால்தான். முப்பத்தைந்து வருடமாக நான் பாதி பிரேக்கோடுதான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.

நிற்கிற விதமும் அப்படித்தான். இறக்கத்தில் சீட்டில் உட்காரவே கூடாது. இரண்டு பெடலும் சமமாக, முட்டி மடங்கி, முழங்கை வெளியே விரிந்து, இடுப்பு பின்னால். பெரிய அண்டாவில் களி கிண்டுகிறவர் எப்படி நிற்பார், அப்படி. எனக்கு அந்த உவமை பிடிபட்ட பிறகுதான் உடம்பு ஒத்துழைத்தது. கண்தான் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. பாதையில் ஒரு கல் தெரிந்தால் அதையே பார்ப்பேன், வண்டி நேராக அதன்மேல்தான் போய் ஏறும். "அண்ணே, கல்லை வேடிக்கை பாக்கவா வந்தீங்க, போற வழியப் பாருங்க" என்று அவன் கத்தும்போதே விழுந்துவிட்டேன். நீங்கள் பார்த்த முழங்கை அதுதான்.

நான் எழுந்து மண் தட்டுவதைக் கொழுந்துப் பையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். முட்டியில் உறை, தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், இவ்வளவும் மாட்டிக்கொண்டு ஒரு பெரிய மனுஷன் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்குகிறான். "என்ன சார், பஞ்சரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காசுள்ளவர்களின் பொழுதுபோக்கா என்றால், இன்றைக்கு விற்கிற வண்டிகளின் விலையைப் பார்த்தால் ஆமாம். ஆனால் பிறந்த கதை வேறு. கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற மலைப்பகுதியில் 1976 வாக்கில் சில இளைஞர்கள் பழைய, கனமான, கியர் இல்லாத சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரக் குடத்துக்குள் பிடிக்கிற பிரேக். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் குடத்துக்குள் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்கவேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது 'மறுபடி அடை', என்று பெயர். நம்மூர் சைக்கிள் கடையில் வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் பண்ணுவோமே, அதை ஒவ்வொரு இறக்கத்துக்கும் செய்திருக்கிறார்கள்! 1996ல் அட்லாண்டாவில் மலை சைக்கிள் ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. எங்கள் நால்வரில் ஒருவர் மண்டி வைத்திருக்கிறார். காலையிலிருந்து ராத்திரி வரை அடுத்தவரை ஏவியே பழகியவர். அந்தப் பையன் அவரைப் பத்துத் தடவையாவது திருத்தியிருப்பான். ஒவ்வொரு தடவையும் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு மேலே உருட்டிப்போய் மறுபடி இறங்கினார். பள்ளிக்கூடத்தில் பார்த்த முகம். நாற்பத்தைந்து வயதில் நம்மை யார் திருத்துகிறார்கள்? தப்பாகவே செய்தாலும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி வழக்கமான கச்சேரி எதுவும் நடக்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் நான்கு பேரும் குறட்டை.

போவதென்றால் சில விஷயங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்கள் வேண்டாம், மண்ணும் சரியும், அட்டையும் விடாது. உங்களுக்குச் சின்னாறு, மறையூர் வழிதான் பக்கம். காட்டுக்குள் போகிற சாலை, பகலிலேயே கடந்துவிடுங்கள். தடம் யாருடைய நிலம், அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் சிக்கியவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம். வாடகை வண்டி எடுத்தால் ஏறுமுன் எந்தக் கை முன் பிரேக் என்று பாருங்கள். நமக்கு வலது கை, சில வெளிநாட்டு வண்டிகளில் இடது.

முட்டி உறை வாங்கவேண்டாம், என்னுடையது ஒரு ஜோடி இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். முழங்கைக்கு நான் எதுவும் மாட்டவில்லை, அதை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.