டாஸ்மாக்கில் ஒரு வாய் சாம்பிள்

கேள்வி: டொரன்டோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அரசு மதுக்கடையிலேயே சின்னக் கோப்பையில் ஒயின் ஊற்றி ருசி பார்க்கச் சொல்கிறார்கள். நம் டாஸ்மாக்கில் ஏன் இந்த மரியாதை இல்லை? ருசி தெரிந்து வாங்கினால் அளவோடு குடிப்பார்களே!
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எதை வாங்கலாம் என்று தயங்குகிறவருக்குத்தான் சாம்பிள் தேவை. டாஸ்மாக் வாசலில் அப்படித் தயங்கி நிற்பவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? கம்பிக்குள் கையை விட்டு, "குவார்ட்டர் பிராந்தி ஒண்ணு" என்கிறார். உள்ளேயிருப்பவர் கைக்கு எட்டியதை எடுத்து வைக்கிறார். பிராண்டு பெயர் சொன்னால் "அது இல்ல" என்று பதில் வரும். போதாக்குறைக்கு, பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேலே பத்து ரூபாய். சட்டமன்றம் வரை போன புகார் இது. (காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்ப வரும் பத்து ரூபாய் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நீங்கள் போன கடை எல்.சி.பி.ஓ.வாக இருக்கும். ஒன்டாரியோ மாகாண அரசு மதுவிலக்கை எடுத்துவிட்டு 1927-இல் தொடங்கியது. அதுவும் பிறந்த அன்றே கோப்பையை நீட்டிவிடவில்லை. 1962 வரை மது வாங்கவே பெர்மிட் வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளும் கடை 1969-இல்தான் வந்தது. இப்போது ஊற்றித் தருகிறார்கள் என்றால், பாட்டில் போணியாக வேண்டும் என்பதற்காக. மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போகாதீர்கள்.

ஸ்வீடனிலும் அரசுக் கடைதான். அங்கே சாம்பிளும் கிடையாது, இரண்டு வாங்கினால் தள்ளுபடியும் கிடையாது. பீரைக்கூடக் குளிரவைத்து விற்க மாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிட்டால் ஞாயிறும் திறப்பதில்லை. ஜனங்களை அளவோடு குடிக்க வைக்க நினைக்கிற அரசு இப்படித்தான் கடை நடத்தும். ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து யாரும் இன்னொருவர் குடியைக் குறைத்ததில்லை.

"மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு" என்று போர்டு எழுதி வைத்துவிட்டு, அதன் கீழே நின்று "ருசி பாருங்க சார்" என்று கோப்பை நீட்டுகிற ஊழியரை நினைத்துப் பாருங்கள். பாவம், அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

குறைந்த செலவில் கொஞ்சமாக ருசி பார்க்கத்தான் வேண்டுமென்றால் நம்மூர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கடை வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, கட்டிங் போடலாமா?" என்பார். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் காசு போட்டு வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதுதான் கட்டிங்.

மரியாதை வேண்டுமா, அச்சிட்ட விலைக்கே பாட்டிலையும் கூடவே பில்லையும் கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் பில்லை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் படத்தோடு போடுகிறேன்.