ஜாஸையும் ஆப்பிரிக்க நாட்டுப்புற இசையையும் கிளாரினெட்டில் கலந்தவர்கள் யார்? எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

என்னைக் கேட்டால் எத்தியோப்பியாவிலிருந்து, கெத்தாச்சு மெக்குரியாவிடமிருந்து ஆரம்பியுங்கள். டெனர் சாக்ஸபோன்காரர் என்றுதான் அவருக்குப் பேர். ஆனால் யாழ் மாதிரி இருக்கும் க்ரார், வில்லால் வாசிக்கும் ஒற்றைத் தந்தி மசின்கோ என்று ஊர் வாத்தியங்களில் கை பழகி, அப்புறம் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் எடுத்தவர் அவர். 1935இல் பிறந்தவர், 1949இல் அடிஸ் அபாபா நகராட்சி இசைக்குழுவில் இருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், என்ன வயது!

அந்த ஊரில் ஊதுகருவிக் குழுக்கள் வளர்ந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்மீனிய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த 40 பையன்களை, பிற்காலத்தில் பேரரசர் ஹைலி செலாசி ஆன ராஸ் தஃபாரி, 1924இல் ஜெருசலேமிலிருந்து வரவழைத்தார். அவர்களுக்குக் கெவோர்க் நல்பந்தியன் என்ற ஆர்மீனிய இசைக்கலைஞர் பயிற்சி கொடுத்து அரச இசைக்குழு ஆக்கினார்.

சரி, கெத்தாச்சு என்ன செய்தார்? ஷெல்லெலா என்று எத்தியோப்பியாவின் அம்ஹாரா இன வீரர்களின் போர் முழக்கம் ஒன்று உண்டு. போருக்குப் போகிறவன் தன் வீரத்தைச் சொல்லி, தாளத்துக்குள் அடங்காமல், மூச்சு பிடிக்கிற வரை கத்திக் கத்திப் பாடுவது. அதை அப்படியே சாக்ஸபோனில் கொண்டுவந்தார். கரகரப்பு, நடுக்கம், சொல்லின் முடிவில் குரல் உடைவது எல்லாம் அதில் இருக்கும். எனக்கு இதைக் கலப்பு என்று சொல்லவே மனம் வரவில்லை. மனிதக் குரல் ஒன்று குழலுக்குள் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். கிளாரினெட்டைவிட சாக்ஸபோன் இதற்கு வாகாக இருந்ததற்கு வாத்தியத்தின் அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்குத் தாவினால் அதே சுரம் கிடைக்கும், கிளாரினெட்டில் அதே விரலுக்குப் பன்னிரண்டாவது சுரம் வந்து நிற்கும், கூடவே விரல் கணக்கும் மாறிவிடும்.

நமக்கு இந்த இசை அந்நியமாகவும் இருக்காது. எத்தியோப்பிய இசையில் ஐந்து சுர அமைப்புகள்தான் அதிகம், அதில் தெசெத்தா என்ற சுர அமைப்பின் ஒரு வகை நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். கமகம் வேறு, அதனால் மனநிலையும் வேறு.

முதலில் பழைய எத்தியோப்பிய இசையைத் திரட்டி வெளியிட்ட 'எத்தியோப்பிக்' தொகுப்பின் 14ஆவது ஆல்பம் கேளுங்கள், அது கெத்தாச்சுவுடையது. கிளாரினெட்தான் வேண்டும் என்றால் 2006இல் வந்த 'மோவா அன்பெசா'. ஆம்ஸ்டர்டாமின் பங்க் குழுவான தி எக்ஸோடு சேர்ந்து செய்தது, அதில் பிரெஞ்சுக்காரர் சேவியர் ஷார்ல் கிளாரினெட் வாசிக்கிறார். ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து பிறந்த ஜாஸ் வேண்டுமானால் கிளாரினெட்காரர் லூயி ஸ்கிளாவிஸ், ஆல்டோ ரொமானோ, ஆன்ரி தெக்சியே மூவரின் 1995 ஆல்பமும் நல்லது, ஆனால் அதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கெத்தாச்சுவை ஹெட்போனில் கேட்க வேண்டாம். ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக, ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். எழுபது வயதைத் தாண்டியும் சிங்கப் பிடரி வைத்த தலையணியோடு மேடையேறி ஊதினவர் அவர்.