கணுக்கால் ஏன் திரும்பத் திரும்பப் பிசகுகிறது?

கேள்வி: எனக்கு வயது 42. கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். ரூஜ் பூங்காவில் மாஸ்ட் பாதையில் ஏறி ஆற்றோரமாகத் திரும்பி வரும் சுற்றில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். மூன்று மாதத்தில் வலது பாதம் மூன்று தடவை உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஓய்வெடுத்து, எண்ணெய் பூசி உருவி, வீக்கம் வற்றிய பிறகுதான் ஓடினேன். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? காட்டுப் பாதையை விட்டுவிட்டு ட்ரெட்மில்லுக்கே போய்விடட்டுமா?

பதில்: காட்டை விட வேண்டியதில்லை. ஆனால் வீக்கம் வற்றினால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதுதான் உங்களை மூன்றாவது பிசகு வரை கொண்டுவந்திருக்கிறது.

முதலில் எக்ஸ்ரே. இதற்கு ஒட்டாவாவில் உருவாக்கி 1992இல் வெளியிட்ட எளிய விதி ஒன்றை உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 செ.மீ. மேல் வரை விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே சுள்ளென்று வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. எலும்புக்கு முன்புறம், சற்றுக் கீழே உள்ள மெத்தென்ற குழியில் மட்டும் வலி என்றால் பெரும்பாலும் தசைநார்தான் இழுபட்டிருக்கிறது.

அந்தத் தசைநார் வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன. வலி போய்விடும், அந்த உணர்வு தானாகத் திரும்பாது. இறக்கத்தில் முன்பாதம் முதலில் ஊன்றும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மூட்டுக்குள் பொருந்தியிருக்கும் கணுக்கால் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். பாதம் கீழ்நோக்கி நீளும்போது அந்த ஒடுக்கமான பாகம்தான் மூட்டுக்குள் நிற்கிறது, அதனால் மூட்டு ஆடும். அந்த நேரத்தில் இலைக்கடியில் கிடக்கும் வேரின் ஓரத்தில் கால் விழுந்தால், கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை சுதாரிப்பதற்குள் பாதம் மடங்கி முடிந்துவிடும்.

இப்போது பிசகி மூன்று நாளுக்குள் என்றால் உருவாதீர்கள். உள்ளே இரத்தக் கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், எலாஸ்டிக் பான்டேஜ், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பது, வலிக்கு பாராசிட்டமால் போதும். வலி அனுமதிக்கும் அளவுக்கு இரண்டாம் நாளிலிருந்தே நடக்கலாம். நீண்ட ஓய்வு நல்லதல்ல.

பிறகுதான் உண்மையான மருத்துவம், குறைந்தது ஆறு வாரம். பல் துலக்கும்போது வலக்காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள், மூன்று தடவை. ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி, அதன்பின் மடித்த தலையணை மேல். கண்ணை மூடும்போது கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். ரப்பர் பட்டியைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது 15 தடவை வீதம் மூன்று சுற்று. ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது, 20 வரை. ஒற்றைக்காலில் வலியில்லாமல் பத்து முறை துள்ள முடிந்தால் சமதரையில் இரண்டு வாரம் ஓடுங்கள். அதற்குப் பிறகே மாஸ்ட் பாதை. முதல் மாதம் இறக்கங்களை நடந்து கடங்கள். அடிகள் குட்டையாக, பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். சுற்றின் கடைசிப் பகுதியில், கால் களைத்த நேரத்தில்தான் பிசகுகிறது என்றால், தூரத்தைக் குறைப்பதே சரி.

தடித்த மெத்தை வைத்த சப்பாத்து இந்தப் பாதைக்குப் பொருந்தாது. பாதம் தரையிலிருந்து உயர உயர மடங்குவது எளிது. முடிச்சுப் போட்டுக் கட்டும் கணுக்கால் பிரேஸை ஓடும்போது ஓர் ஆண்டு அணிவதில் தவறில்லை. அது காலைச் சோம்பேறியாக்கும் என்ற பயம் வேண்டாம், பயிற்சியை நிறுத்தாதவரை. ஆறு வாரத்துக்குப் பிறகும் மூட்டுக்குள் ஆழமாக வலித்தால், சிக்கிக்கொள்வதுபோல் இருந்தால், குருத்தெலும்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரூஜில் லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்றைப் பரப்பும் கருங்கால் உண்ணி உண்டு. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். வெப்பம் 4 பாகை செல்சியஸைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கிவிடும். ஓடி முடித்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்ததாகத் தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் பார்மசிக்குப் போங்கள். ஒரேயொரு வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவெடுத்து எழுதித்தர ஒன்ராறியோவில் மருந்தாளருக்கே அதிகாரம் உண்டு. அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தில் சிவப்புத் தடிப்பு விரிந்துகொண்டே போனால், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.