ஜாவா இருந்தும் பேஸ் ஏன் கேட்கிறது?

கேள்வி: லிப்ரே ஆபீஸின் தரவுத்தளச் செயலியான பேஸில் பழைய உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் ஜாவா வேண்டும் என்கிறது. நிறுவிய பிறகும் அதே செய்திதான். அதே தொகுப்பின் ரைட்டரும் கால்க்கும் மட்டும் எப்படி ஓடுகின்றன?

பதில்: அவை இரண்டின் அன்றாட வேலைக்கு ஜாவா தேவையில்லை. உங்கள் பட்டியல் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கும். அது முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டது. தகவல் எங்கும் போய்விடவில்லை, பயப்பட வேண்டாம். முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

எனக்கு வரும் இத்தகைய கடிதங்களில் பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்: 64 பிட் லிப்ரே ஆபீஸ், 32 பிட் ஜாவா. இரண்டும் ஒரே பிட்டில் இல்லாவிட்டால் ஜாவா இருப்பதே லிப்ரே ஆபீஸின் கண்ணில் படாது. ஹெல்ப் மெனுவில் அபௌட் பகுதியைத் திறந்து உங்கள் லிப்ரே ஆபீஸ் எத்தனை பிட் என்று பாருங்கள். அதற்கேற்ற ஜாவாவை நிறுவுங்கள். மேக் என்றால் ஜேடிகே, அதாவது ஜாவா மென்பொருள் உருவாக்கும் தொகுப்பு, முழுதாக வேண்டும்.

அப்புறம் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், அட்வான்ஸ்ட் என்று போங்கள். ஜாவாவைப் பயன்படுத்தும் கட்டத்தில் டிக் செய்து, கீழே பட்டியலில் தெரியும் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸை முழுவதும் மூடித் திறந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். திரையில் கடிகாரத்தின் அருகே, லிப்ரே ஆபீஸை விரைவாகத் திறக்க உதவும் குவிக்ஸ்டார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது.

பின்னாளில் மைஎஸ்க்யூஎல் போன்ற வேறு தரவுத்தளங்களை ஜேடிபிசி என்ற ஜாவா இணைப்பு வழியே இணைக்க நினைத்தால், அதற்கான இணைப்பு நிரல் அடங்கிய ஜார் கோப்பை அதே பக்கத்தில் கிளாஸ் பாத் பட்டனை அழுத்திச் சேர்க்கலாம்.