ராஜாவா ரகுமானா சண்டையில் மாட்டாமல் ரசிகர் குழுக்களில் இருப்பது எப்படி?

கேட்டவர் பாட்டுக்காகத்தான் முகநூல் குழுவில் சேர்ந்தாராம். வாயைத் திறந்தாலே ‘சொம்பு தூக்கி’ என்கிறார்களாம், விலகவும் மனசு வரவில்லையாம்.

நானும் அங்கே அடி வாங்கியவன்தான். கொடுத்தவனும்கூட. நான் ராஜா கட்சி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் 1992-ம் ஆண்டுக்கான சிறந்த இசையமைப்பாளர் தேசிய விருது பற்றி எழுதினேன். ராஜாவின் ‘தேவர் மகன்’, ரகுமானின் ‘ரோஜா’ இரண்டுக்கும் நடுவர் குழுவில் சம ஓட்டு விழ, தலைவராக இருந்த இயக்குநர் பாலு மகேந்திரா தன் ஓட்டைப் புதுமுகம் ரகுமானுக்குப் போட்டார். போட்டவர் யார்? ‘மூடுபனி’ தொடங்கி, 2013-ல் வந்த கடைசிப் படம் ‘தலைமுறைகள்’ வரை தன் படங்களுக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் போகாதவர். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. எல்லோருக்கும் பிடிக்கும் என்று நம்பித்தான் போட்டேன்.

பத்தே நிமிடம். “அப்போ பாவம் பார்த்துக் கொடுத்த விருதுன்னு சொல்றியா?” என்று ஒருவர். “துரோகத்துக்கு முட்டுக் கொடுக்கிறான் பார்” என்று எங்கள் கட்சிக்காரரே இன்னொருவர். அப்புறம் என் அம்மா வரை வந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு நானும் நிதானம் இழந்து, ஒருவரின் முகப்புப் படத்தைக் கேவலமாகக் கிண்டல் செய்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அது ப்ளஸ் டூ படிக்கும் பையன். எனக்கு வயது நாற்பத்து மூன்று.

அதற்குப் பிறகு பழைய சண்டைகளை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே சொல்லில்தான் ஆரம்பித்திருந்தன: ‘விட’. அவரை விட இவர், அந்தப் பாட்டை விட இந்தப் பாட்டு. இப்போது எதை எழுதினாலும் போடுவதற்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடுவேன். இருந்தால் அந்த வரியையே தூக்கிவிடுவேன்.

இன்னொன்று, பேச்சை ஒரே பாட்டுக்குள் கொண்டுபோய்விடுவது. ராஜாவின் ‘பனிவிழும் மலர்வனம்’ சலநாட்டை ராகத்தில் அமைந்தது. விவாதி மேளம், அதாவது ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் உள்ள தாய் ராகம்; கொஞ்சம் முரட்டு ராகம். அதில் எப்படி இப்படியொரு காதல் பாட்டு வந்தது என்று ஒருமுறை கேட்டு எழுதினேன். வம்புக்கு வருகிறவர்களுக்கு அங்கே நிற்கப் பொறுமை இல்லை. வீணை படித்த ஒரு அம்மா வந்து ஸ்வரம் ஸ்வரமாக விளக்கினார். விவாதி ராகத்துக்கு ஒரு விவாதமும் வரவில்லை!

மற்றபடி சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். புதுப்படப் பாட்டு வெளியாகும் வாரத்தில் எக்ஸ் தளத்தில் இரண்டு பேர் பெயரையும் ஏழு நாளைக்கு மியூட் போட்டுவிடுவேன். ஜூன் 2, ஜனவரி 6, அதாவது இருவரின் பிறந்தநாள் கொண்டாட்டம் நடக்கும் நாட்களில், குழுப் பக்கமே போவதில்லை. வாழ்த்துச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். வீட்டுப் பெண்களை இழுத்தால் மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அட்மினுக்கு அனுப்பிவிட்டு, ஆளை பிளாக் செய்துவிடுவேன். பதில் எழுதுவதில்லை. நாம் பதில் எழுதினால் மறுபடி அவர் பேசும் முறை வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தவறு நம் பக்கம் என்றால் மன்னிப்பைப் பொதுவில் கேட்காதீர்கள். கூட்டம் கூடி “கதறுறான் பாரு” என்று அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்துவிடும். நான் அந்தப் பையனுக்குத் தனியாகத்தான் எழுதினேன், ராத்திரி எழுதியது தப்பு, அழித்துவிட்டேன் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “பரவால்ல அங்கிள்.”

அன்றைக்கு வாங்கிய திட்டு எதுவும் அந்த ‘அங்கிள்’ அளவுக்கு வலிக்கவில்லை.