வாலிக்குத் தெரியாத இராமன்: தாரமங்கலத் தூணும் கம்பன் பாட்டும் (கேள்வி பதில்)

சேலம் மாவட்டத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இராமன் மறைந்து நிற்கும் தூணையும், கம்பராமாயணத்து வாலி வதைப் படலத்தின் இந்தப் பாட்டையும் சேர்த்து வந்த கேள்விகள் இவை; கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தம்பி சுக்ரீவனோடு வாலி மல்லுக்கட்டும்போது இராமன் மறைந்து நின்று அம்பு எய்கிறான். அம்பு தைத்து விழுந்த வாலி, அதைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருந்த பேரைப் பார்க்கும் இடம்:

மும்மைசால் உலகுக்கு எல்லாம் மூல மந்திரத்தை, முற்றும்
தம்மையே தமர்க்கு நல்கும் தனிப் பெரும் பதத்தை, தானே
இம்மையே எழுமை நோய்க்கும் மருந்தினை, இராமன் என்னும்
செம்மைசேர் நாமம் தன்னை, கண்களின் தெரியக் கண்டான்.

ஓமலூர்: போன தடவை எல்லாத் தூணும் ஒன்றுபோலவே தெரிந்தது. எங்கே நின்று பார்க்கணும்?

முதலில் இராமன் தூணை ஒட்டி நில்லுங்கள். அங்கிருந்து வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுவது தெரியும். பிறகு வாலி பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள், இராமன் தெரிய மாட்டான். நடுவில் நின்று இரண்டையும் ஒரே போட்டோவில் அடக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. அங்கே நின்றால் அவை வெறும் தூண்கள்.

அம்மாபேட்டை: பாட்டைப் பொருள் பிரிக்க வரவில்லை.

கடைசிச் சொல்லில் தொடங்குங்கள்: கண்டான். எதை? மந்திரத்தை, பதத்தை, மருந்தினை, நாமம் தன்னை. நான்கும் ஒரே பொருள்தான், நான்கும் அந்த ஒரு வினையில் போய் முடிகின்றன. 'தமர்' என்றால் தன்னைச் சார்ந்தவர். அவர்களுக்கு வரம், செல்வம் என்று எதையோ கொடுப்பதில்லை, தன்னையே கொடுத்துவிடுகிறது அந்தப் பேர். இன்னொன்றும் கவனியுங்கள்: 'இராமன்' என்ற பேர் மூன்றாம் அடி முடியும்போதுதான் வருகிறது. வாலிக்கும் பேர் தாமதமாகத்தானே தெரிகிறது!

ஏற்காடு: எழுமை நோய் என்றால் வறுமைதானே?

இல்லை. வறுமை என்பது ஏழ்மை, நெடில். இது குறில்: எழுமை, ஏழு பிறப்பு. பிறவி நோய்க்கு இந்தப் பிறப்பிலேயே மருந்து என்கிறான் கம்பன்.

ஆத்தூர்: ஒளிந்திருந்து கொன்றவன் பேர் மந்திரமா? சப்பைக்கட்டாகத் தெரிகிறதே.

கேள்வி நியாயம்தான். கம்பனும் அதை மழுப்பவில்லை. இந்தப் பாட்டில் பேசுவது வாலி இல்லை, கவி. அடுத்த பாட்டிலேயே வாலி, நமக்காக இவன் 'வில்லறம் துறந்த வீரன்', அதாவது வில்லாளிக்குரிய நெறியை விட்டவன், ஆனானே என்று சிரிக்கிறான், கூசுகிறான். பிறகு இராமனோடு நேருக்கு நேர் வழக்காடுகிறான். அதெல்லாம் முடிந்துதான் 'ஆவி போம் வேலைவாய் அறிவு தந்து அருளினாய்' (உயிர் போகும் நேரத்தில் அறிவு தந்தாய்) என்கிறான். மும்மைசால் பாட்டை மட்டும் தனியே உருவி எடுத்தால் வெறும் துதி. அந்த இடம் வரை ஒரே மூச்சில் படியுங்கள், சிரித்த வாய்தான் கும்பிடுகிறது என்று தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை: அப்படியானால் சிற்பி கம்பனைப் பார்த்துத்தான் செதுக்கினாரா?

தூணை வைத்து அப்படிச் சாதிக்காதீர்கள். மறைந்து எய்தது வால்மீகியிலேயே உண்டு. அம்பில் வாலி பேர் படிப்பதுதான் கம்பன் சேர்த்தது. கல் மறைவைக் காட்டுகிறது. மறைந்தவன் பேராக வந்து கண்ணில் படுவதைப் பாட்டு காட்டுகிறது. 'கண்களின் தெரிய' என்ற சொல்லுக்கு அங்கேதான் கனம்.

ஓமலூர்: சிவன் கோயிலில் இராமாயணம் எதற்கு?

நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் அது சகஜம். சிவன் கோயில், பெருமாள் கோயில் என்று சிற்பிகள் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மாபேட்டை: பாட்டை அங்கேயே படிக்கலாமா?

தாராளமாக. கோயில் மேற்கு பார்த்தது, மாலையில் போவது நல்லது. வாலி பக்கம் நின்று, இராமன் தெரியாத இடத்திலிருந்து படியுங்கள்.