முகாம் அட்டை, ஆதார், பாஸ்போர்ட்: கேட்டதும் சொன்னதும்

குறுக்குப்பட்டி, பவளத்தானூர் போன்ற சேலம் மாவட்ட இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை, பல வருடமாக மனு எழுதிக் கொடுப்பவன்.

கே: முகாமில் இருக்கிறோம். ஆதார் வாங்கிவிட்டால் இந்தியக் குடிமகன்தானே?

ப: இல்லைங்க. 2016 ஆதார் சட்டம் பார்ப்பது, கடந்த 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே குடியிருந்தீர்களா என்பதைத்தான். ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. முகாமில் பலரிடம் ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லை.

கே: சேலத்தில்தான் பிறந்தேன், 1992இல். பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கிறது. என்னை ஏன் அகதி என்கிறார்கள்?

ப: மனு எழுத யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பிறந்த தேதியைத்தான் தம்பி. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை. அதற்குப் பிறகு என்றால் அம்மா, அப்பாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

ஒரு குடும்பம் வந்தது. அக்கா பிறந்தது 1987 மே, தம்பி 1989. ஒரே வீடு, ஒரே முகாம் அட்டை. நான்காக மடித்துப் பழுப்பேறிப்போன அக்காவின் சான்றிதழுக்கு மட்டும் மதிப்பு. தம்பிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இது வெறும் பேச்சு இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

கே: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. ஐயாயிரம் கொடுத்தால் வாக்காளர் அட்டை எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார்.

ப: வேண்டவே வேண்டாம் அண்ணா. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் 'நான் இந்தியக் குடிமகன்' என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் என்றால் ஓராண்டு வரை சிறை. பாஸ்போர்ட்டில் அதே வேலை செய்தால் குறைந்தது ஓராண்டு, ஐந்தாண்டு வரை போகும். புரோக்கர் காசோடு போய்விடுவார்.

கே: தாத்தா இங்கிருந்து இலங்கையின் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எங்களுக்கு வழி உண்டா?

ப: உண்டு, ஆனால் மெதுவான வழி. தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தக் காலத்துக் காகிதம் எது இருந்தாலும் தேடி எடுங்கள். இந்திய வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் அதே மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

கே: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்தவர்களுக்கு 2025இல் விலக்கு வந்ததே?

ப: பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை கிடையாது என்கிற விலக்கு அது. அவ்வளவுதான், குடியுரிமை ஆகாது.

கே: போன வாரம் குழந்தை பிறந்தது. என்ன செய்யணும்?

ப: 21 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். அப்புறம் ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும். பெயரைச் சொல்லும்போது கூடவே நின்று பாருங்கள் அம்மா. முகாம் அட்டையில் 'செல்வரத்தினம்', ஆதாரில் 'செல்வரத்தினன்'. இந்த ஒரு 'ன்'னுக்காக எத்தனை மனு எழுதியிருப்பேன்!